பரிசலா, ஃபைபர் படகா?

ஒகேனக்கல் காவிரியில் மீன் பிடிக்க என் ஓட்டு பரிசலுக்குத்தான். தட்டையான அடி என்பதால் முழங்கால் தண்ணீரிலும் மிதக்கும். பாறையில் உரசினால் மூங்கில் பின்னல் வளைந்து கொடுக்கும். அடியில் போர்த்திய பிளாஸ்டிக் ஷீட் கிழிந்தால் ஒட்டுப்போட்டுத் தார் பூசினால் சரி. தண்ணீர் இல்லாத இடத்தில் கவிழ்த்துத் தலையில் தூக்கிக்கொண்டு நடக்கலாம். அதே பாறையில் ஃபைபர் படகு மோதினால் விரிசல்தான், செலவும் அதிகம்.

கிருஷ்ணகிரி அணைக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அணையின் முழு உயரமான 52 அடியும் நிரம்பிய நேரத்தில் காற்றடித்தால் பரிசல் சுழன்றுகொண்டே ஒதுங்கும்; துடுப்புப் போடுபவருக்குத் தோள் கழன்றுவிடும். மீனின் செவுள் சிக்கிக்கொள்ளும் நீளமான செவுள் வலையை நேராக விரிக்க ஃபைபர் படகுதான் லாயக்கு. ஆனால் எதில் போனாலும் லைஃப் ஜாக்கெட் கட்டாயம். அப்புறம், காவிரியில் நீர்வரத்து கூடுகிறதென்று அறிவித்தால் அன்றைக்குப் பரிசலை இறக்கவே வேண்டாம்.