குதிரை நல்லது, அதற்கு மேல் பேசுகிற பேச்சுத்தான் தாங்கவில்லை

கிண்ணியாவில் இருக்கிற தோழி போன கிழமை கேட்டாள், நிலாவெளிக் குதிரை அமர்வுக்கு உள்ளூர்ச் சனத்துக்குக் கட்டணத்தை 4000 ரூபாயிலிருந்து 2500 ஆக்கிவிட்டார்களாமே, மகளைக் கூட்டிக்கொண்டு போகட்டுமா என்று. மகள் சாதாரணதரப் பரீட்சை எழுதி முடித்ததிலிருந்து அறைக்குள்ளேயே இருக்கிறாள், என்ன கேட்டாலும் ஒரு சொல்லில் பதில். வட்ஸ்அப்பில் குரல்பதிவாகச் சொல்லத் தொடங்கினேன், கோபம் கோபமாக வந்தது, நிறுத்திவிட்டு இதை எழுதுகிறேன். வேறு சிலரும் இதையே கேட்டிருக்கிறார்கள்.

திருகோணமலை நிலாவெளி வீதியில், சுற்றுலாக்காரருக்குக் கடற்கரைச் சவாரி விட்டுக்கொண்டிருந்த குதிரைகளை வைத்து, மனக் கஷ்டத்தில் இருப்பவர்களுக்கு அமர்வு நடத்துகிறார்கள். நான் அங்கே நெடுநாளாகப் போய்வருகிறேன். நேரம், கட்டணம், யார் யார் வரலாம் என்பதெல்லாம் அவர்களே முகநூலில் போட்டிருக்கிறார்கள், அதைத் திருப்பி எழுதப்போவதில்லை. ஒன்று மட்டும் சொல்லவேண்டும், ஏறிச் சவாரி செய்வது கிடையாது. லாயத்துச் சுவரில் டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டல் படம் மாட்டியிருக்கிறது. 1944-இல் போலியோ வந்து முழங்காலுக்குக் கீழே கால் வழங்காமல் போன பிறகும், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெள்ளிப் பதக்கம் எடுத்தவர். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுச் சவாரி என்று நினைக்கிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள். இங்கே தரையில் நின்று செய்கிற வேலைதான்: தேய்த்துவிடுவது, கயிற்றைப் பிடித்து நடத்துவது, குளம்பு துப்புரவாக்குவது, சும்மா பக்கத்தில் நிற்பது.

அப்பா பாரிசவாதத்தில் படுக்கையில் கிடந்த வருடங்களில் நான்தான் அவரைப் பார்த்தேன். அவர் போன பிறகு, இனி உறங்கலாம் என்று இருந்த நேரத்தில் உறக்கம் போய்விட்டது. இரவு இரண்டு மணிக்கு அவர் கூப்பிடுவது கேட்டு எழும்புவேன். ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் தந்த மருந்தை எடுத்தேன், இப்போதும் டாக்டரிடம் போகிறேன். குதிரையிடம் போனால் மருந்தை விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். இந்த முறையைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சிறு குழுக்களை வைத்துச் செய்தவை, நோயைக் குணமாக்கும் என்று அடித்துச் சொல்கிற அளவுக்கு அவை போதாது.

அப்படியிருந்தும் நான் விடாமல் போவதற்குக் காரணம் ஒரு குளம்பு. சிவப்பி என்று ஒரு பெட்டைக் குதிரை, நுவரெலியாவில் பந்தயம் ஓடி ஓய்ந்து இங்கே வந்தது. அதன் முன் இடது காலைத் தூக்கிச் சுத்தம் செய்யக் குதிரை பார்க்கிற ஐயா கற்றுத்தந்தார். தோளருகே, அதன் வால் பக்கம் பார்த்தபடி நிற்கவேண்டும். கையைத் தோளிலிருந்து மெதுவாகக் கீழே கொண்டுபோய், முழங்காலுக்குக் கீழே பின்பக்கம் ஓடுகிற தசைநாரை இலேசாக அழுத்திவிட்டுக் காத்திருக்கவேண்டும். பிடுங்கித் தூக்க முடியாது, நானூறு கிலோவுக்கு மேல் எடை. அதுவாகப் பாரத்தை மற்ற மூன்று கால்களுக்கும் மாற்றிவிட்டுக் காலைத் தரவேண்டும். வேட்டை மிருகங்களிடமிருந்து ஓடி ஓடியே பிழைத்த இனம், ஓடுகிற கால்தான் அதற்கு உயிர். அந்தக் காலைத்தான் உங்கள் கையில் வைக்கிறது. உள்ளங்குளம்பின் நடுவே முக்கோணமாக, அழுத்தினால் அமுங்குகிற ஒரு மெத்தை இருக்கும், அதன் இரண்டு பக்கப் பள்ளங்களிலும் சாணியும் மணலும் இறுகிப்போயிருக்கும். கொக்கியால் குதிப் பக்கமிருந்து நுனிப் பக்கமாக அதை இழுத்து எடுக்கவேண்டும். எடுக்க எடுக்க ஒரு வாடை வரும், ஈரமண்ணும் புளித்த புல்லும் சேர்ந்த வாடை. எனக்கு இப்போது அந்த வாடை பிடித்துப்போய்விட்டது.

முதலில் எனக்குக் காலைத் தரவே இல்லை. அப்பாவைப் புரட்டிப் பழகின வேகம் என் கையில் இருந்தது: இடுப்பில் கை, ஒரே தூக்கு, அடுத்த வேலை. ஐயா ஒரு விளக்கமும் சொல்லவில்லை. “கையை வைச்சிட்டு மூச்சை விடு பிள்ளை” என்றார். விட்டேன். விட்டபோதுதான் தெரிந்தது, வருடக்கணக்காக நான் மூச்சைப் பிடித்துக்கொண்டே வேலை செய்து வந்திருக்கிறேன் என்று. கால் வந்தது.

கயிறும் அப்படித்தான். இழுத்தால் அது எதிர்ப்பக்கம் சாய்ந்து நிற்கும். இலேசாக அழுத்தம் கொடுத்து, ஓர் அடி வைத்த கணமே தளர்த்திவிடவேண்டும், தளர்த்துவதில்தான் அது படிக்கிறது. நான் ஆசிரியை, வகுப்பில் இதைச் செய்து பார்த்தேன். எழுதவே மாட்டேன் என்கிற ஒரு பெடியன் ஒரு வரி எழுதினதும், அடுத்த வரியைக் கேட்காமல் நான் மற்றப் பக்கம் போய்விடுவேன். எழுதுகிறான். திருகோணமலைக்காரருக்கு இந்த விலங்குப் பழக்கம் ஓரளவு லேசாக வரும் என்றுதான் நினைக்கிறேன், கோட்டைப் பக்கத்திலும் ரவுணுக்குள்ளும் மான்களுக்கு நடுவே நடந்து வளர்ந்தவர்கள் நாங்கள், காது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்தே விலகிப் போவோம். (அந்த மான்கள் பொலித்தீன் பையைத் தின்று சாகிறதுகள். அதை வேறொரு நாள் எழுதவேண்டும்.)

சரி, இனி எரிச்சலுக்கு வருகிறேன். அமர்வை நடத்துகிற உளவளத்துணையாளர் வாய் மூடமாட்டார். குதிரை உங்கள் மனதின் கண்ணாடி என்பதுதான் அவருடைய வேதம். சிவப்பி தலையைத் திருப்பினால் நான் எதையோ மறுக்கிறேனாம், கொட்டாவி விட்டால் என் பாரம் இறங்குகிறதாம், ஈ கடித்து வாலை அடித்தால் நான் யாரையோ இன்னும் மன்னிக்கவில்லையாம். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் தகரக் கூரை படபடக்கும், சத்தமும் மணமும் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எந்தக் குதிரையும் நிலைகொள்ளாது. அன்றைக்கும் “உங்களுக்குள்ளே ஒரு பதற்றம் இருக்கு” என்றுதான் சொன்னார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டுதான் போனேன். போன மாரியில் நடந்ததை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. மழை விட்ட ஒரு காலை சிவப்பி என்னிடம் வரவில்லை. மூலையில் நின்று முன் காலை ஊன்றுவதும் எடுப்பதுமாக இருந்தது. “அப்பா மேல இருக்கிற கோபத்தை நீங்க ஒப்புக்கொள்ளும்வரைக்கும் அவள் வரமாட்டாள்” என்றார், மற்றவர்கள் எல்லாரும் நிற்கும்போது. அன்றிரவு அப்பாவின் படத்துக்கு முன்னால் இருந்து, என்ன கோபம், எப்போது வந்தது என்று விடியும்வரை தேடினேன்.

இரண்டு நாள் கழித்து ஐயா போன் எடுத்தார். குளம்புக்குள் சீழ். கோடையில் காய்ந்து வெடித்த குளம்பு மழை ஈரத்தில் இளகும்போது கிருமி உள்ளே போய்ச் சீழ் கட்டுவது குதிரை வளர்க்கிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். குளம்பின் வெளிப்பக்கம் சுடும், கணுவுக்குப் பின்னால் நாடி பலமாக அடிக்கும், கை வைத்துப் பார்த்தாலே போதும். அடிப்பக்கத்தைச் சீவித் துளை போட்டுச் சீழை எடுத்து, எப்சம் உப்புப் போட்ட இளஞ்சூட்டு நீரில் காலை ஊறவைத்து, கட்டுப்போட்டு விட்டார்கள். நான் கிழமைக்குக் கிழமை கையில் ஏந்தின அதே கால். அந்தப் பிராணி நோவில் நின்றபோது ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை, அதன் நோவை என் கணக்கில் எழுதிவிட்டார்கள். குதிரை வலியை வெளியே காட்டாமல் மறைக்கிற மிருகம், காட்டுகிறது என்றால் நன்றாகவே நோகிறது என்று அர்த்தம். இதை அந்த உளவளத்துணையாளரிடம் சொன்னேன். “அந்த வலியும் உங்களோட தொடர்புள்ளதுதான்” என்றார். நான் வெளியே வந்துவிட்டேன்.

நியாயமாகச் சொல்வதானால், குதிரைக்கு மனிதரைத் தெரியும் என்பது கட்டுக்கதை இல்லை. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 28 குதிரைகளுக்குச் சிரித்த முகப் படங்களையும் கோபமான முகப் படங்களையும் காட்டிப் பார்த்து, 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். கோபமான முகத்தைக் கண்டதும் இதயத் துடிப்புக் கூடியது, பயம் தருகிற ஒன்றைப் பார்ப்பதுபோல இடது கண்ணால் பார்க்கத் தலையைத் திருப்பின. சுவீடனில், 2009-இல் வந்த ஆய்வு ஒன்றில், குதிரையை நடத்துகிறவரிடம் இந்தச் சுற்றில் குடையை விரிப்போம் என்று சொல்லிவிட்டு விரிக்காமலே விட்டார்கள். மனிதரின் துடிப்போடு குதிரையின் துடிப்பும் ஏறியது. அந்த உளவளத்துணையாளரும் கெட்ட மனிதர் இல்லை. அழுகிறவர் அழுது முடியும்வரை தண்ணீர்ப் போத்தலோடு பக்கத்தில் நிற்பார், கடிகாரம் பார்க்கமாட்டார், கையில் காசில்லாதவர்களிடம் வாங்கவும் மாட்டார். ஆனால் என் கை இறுகியிருப்பது குதிரைக்குத் தெரியும் என்பது வேறு, எனக்கும் அப்பாவுக்கும் நடுவில் இருந்தது தெரியும் என்பது வேறு.

உண்மையில், சிவப்பி என் கண்ணாடியாக இல்லாததுதான் எனக்கு ஆறுதல். வீட்டில் அத்தனை வருடமும் எல்லாவற்றுக்கும் நான்தான் பொறுப்பு: அப்பா சாப்பிடாவிட்டால் நான், சளி கட்டினால் நான், முகம் வாடினால் நான். இங்கே பக்கத்தில் ஒரு பெரிய உயிர் தன் பசி, தன் ஈ, தன் வெயில் என்று நின்று புல்லை மெல்லுகிறது. அது முகத்தைத் திருப்பினால் அதற்கு ஆயிரம் காரணம் இருக்கும், நான் அதில் ஒன்றாகக்கூட இருக்கத் தேவையில்லை. இது எனக்கு உறைத்த பிறகுதான் இரண்டு மணிக்கு எழும்பாமல் உறங்கத் தொடங்கினேன். அதையே இந்த மனிதர் திரும்ப எடுத்து, குதிரைக்குக் கால் நோவதற்கும் நீதான் காரணம் என்று என் தலையில் வைத்தால் எப்படி?

ஆகவே தோழி, இப்போதைக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போகாதே. நான் அடுத்த மாதத்துக்கும் காசு கட்டிவிட்டேன், போவேன், எனக்கு ஐயாவும் சிவப்பியும் போதும், மற்றதைக் காதில் வாங்காமல் விட இந்த வயதில் தெரியும். பதினாறு வயதுப் பிள்ளைக்கு, குதிரை உன்னிடம் வரமாட்டேன் என்கிறது என்று ஒரு வசனம் சொன்னால் அதை எத்தனை காலம் சுமப்பாள்? 2500 இல்லை, சும்மா என்றாலும் வேண்டாம்.

கட்டாயம் போகத்தான் வேண்டும் என்றால் முதலில் போன் எடுத்து, பிள்ளையோடு ஐயா மட்டும் நிற்க விடுவீர்களா, மற்றவர் வேலிக்கு வெளியே இருப்பாரா என்று கேள். தயங்கினால் வைத்துவிடு. சம்மதித்தால் காலை ஆறரை மணி அமர்வை எடு, வைகாசிக்குப் பிறகு எட்டு மணி வெயிலே தாங்காது. செருப்போடு உள்ளே விடமாட்டார்கள், மிதித்தால் விரல் போய்விடும். பள்ளிக்கூடச் சப்பாத்து இருக்கும்தானே, அது போதும்.