கம்பெனி ஸ்டீரியோவைக் கழற்றாமல் கார் சவுண்ட்: வடசென்னையில் காரைக் கடைக்குக் கொடுப்பவர்களுக்கு

ஊருக்கு லீவில் வரும்போது வீட்டுக் காரில் பாட்டு நன்றாகக் கேட்க ஏதாவது செய்துவிட்டுப் போகலாம் என்று நினைப்பவர்கள், வந்த முதல் வாரத்திலேயே வேலையைக் கடையில் கொடுத்துவிடுங்கள். கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். ஸ்பீக்கர் மாட்டிய அன்று எல்லாமே நன்றாகத்தான் கேட்கும். கதவின் உள்பக்க மூடியான பேடின் கிளிப் சரியாக உட்காரவில்லை என்பது எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நாலு பள்ளத்தில் இறங்கி ஏறினால்தான் தெரியும். கதவுக்குள்ளிருந்து தண்ணீர் கசிவது ஒரு மழை பெய்தால்தான் தெரியும். பேட்டரி இறங்குவது வண்டி இரண்டு நாள் நின்றால்தான் தெரியும். இதையெல்லாம் திரும்பப் போய்ச் சரிபார்க்க உங்கள் கையில் நாள் இருக்க வேண்டும். நீங்கள் விமானம் ஏறிய பிறகு அப்பாவை அந்தக் கடைக்கு அலையவிடக் கூடாது.

கடையில் வண்டியை நிறுத்தியதும், "சார், கம்பெனி செட்டத் தூக்கிட்டு பெரிய ஸ்க்ரீன் ஆண்ட்ராய்டு போட்டுடலாம் சார்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். வேண்டாம் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. இப்போது வரும் கார்களில் ஸ்டீயரிங் பட்டன், ரிவர்ஸ் கேமரா, பார்க்கிங் சென்சார், சில வண்டிகளில் ஏசி நிலவரமும் வண்டி செட்டிங்கும்கூட அந்த ஸ்டீரியோ வழியாகத்தான் ஓடுகின்றன. மாற்றினால் இவற்றில் ஒன்றிரண்டு வேலை செய்யாமல் போகலாம். ஒயரை வெட்டி ஒட்டியிருந்தால் எலக்ட்ரிகல் வாரண்டி கேட்டுப் போகும்போது சர்வீஸ் சென்டரில் தகராறு வரும். வண்டியை நாள்தோறும் ஓட்டுகிற பெரியவர்களுக்குப் பழகிய பட்டன் பழகிய இடத்தில் இருப்பதும் பெரிய விஷயம். எல்லாவற்றுக்கும் மேல், பெரும்பாலான கார்களில் குறை ஸ்டீரியோவில் இல்லை, கதவில் இருக்கிறது. கம்பெனி கொடுக்கும் ஸ்பீக்கர் மெல்லிய பேப்பர் கோனும் (முன்னும் பின்னும் அதிரும் கூம்பு) சின்ன காந்தமும் பிளாஸ்டிக் சட்டமுமாக இருக்கும். அதை மாட்டியிருக்கும் கதவோ ஓட்டை ஓட்டையான மெல்லிய தகடு. கோனின் பின்பக்க ஒலி அந்த ஓட்டைகள் வழியே முன்பக்கம் வந்து பேஸை, அதாவது கனத்த அடி ஒலியை, இல்லாமல் செய்துவிடுகிறது. இதைச் சரிசெய்யாமல் எத்தனை பெரிய ஸ்க்ரீன் போட்டாலும் சத்தம் மாறாது.

எங்கே போவது? டி.எச். ரோட்டிலும் மூலக்கடை, மாதவரம் பக்கம் ஜி.என்.டி. ரோட்டிலும் உள்ள கார் டெக்கர் கடைகளில் சீட் கவர், சன் ஃபிலிம் வேலையோடு ஆடியோவும் செய்வார்கள். ஸ்பீக்கர் மட்டும் மாற்ற அது போதும். ஆம்ப்ளிஃபையர், டிஎஸ்பி (ஒலியை டிஜிட்டலாகத் திருத்தும் கருவி) என்று போனால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு வரை போய்ப் பார்ப்பது நல்லது. ஆடியோ மட்டுமே பார்க்கும் ஆட்கள் அங்கே கிடைப்பார்கள். ஒயர், லக் (ஒயர் நுனியில் மாட்டும் உலோக வளையம்), மல்டிமீட்டர் வாங்க ரிட்சி ஸ்ட்ரீட். விம்கோ நகர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டைப் பக்கம் இருப்பவர்கள் முதல் நாள் விசாரிக்க வண்டியை எடுக்கவே வேண்டாம். மெட்ரோ ஏறி கவர்ன்மென்ட் எஸ்டேட்டில் இறங்கினால் இரண்டு இடத்தையும் பார்த்துவிட்டு வரலாம்.

கடையை எடைபோட மூன்று கேள்வி போதும். "அண்ணே, ஒயர வெட்டாம கப்ளர் போட்டுத் தருவீங்களா? இந்த வண்டி கப்ளர் கையில இருக்கா?" இது முதல் கேள்வி (கப்ளர் என்பது ஒயரை வெட்டாமல் சொருகும் இணைப்பான்). "கதவுக்குள்ள இருக்கிற பிளாஸ்டிக் ஷீட்ட திரும்ப ஒட்டுவீங்களா?" இது இரண்டாவது. ஆம்ப் போடுவதானால், "பேட்டரி பக்கத்துல எவ்ளோ தூரத்துல ஃபியூஸ் வைப்பீங்க?" கப்ளரை எடுத்துக் காட்டுபவரிடம் வேலை கொடுக்கலாம். "டேப் சுத்திட்டா ஒண்ணும் ஆகாது சார்" என்பவரிடம் வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு வரலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேலை செய்வதில் பிரச்சினை இல்லை, எங்கும் 12 வோல்ட்தான். ஆனால் இங்கே வாரண்டி கேட்டால் பெரும்பாலும் இந்தியப் பில்தான் கேட்பார்கள். இன்னொன்று அளவு. ஊரில் ஓடும் சின்னக் கார்களின் முன்கதவில் பெரும்பாலும் ஆறரை இன்ச் ஸ்பீக்கர்தான் உட்காரும். காந்தம் ஆழமாக இருந்தால் கண்ணாடியை முழுக்க இறக்கும்போது இடிக்கும். வண்டியைப் பார்க்காமல் வாங்கி வருவது வீண். கொண்டுவர வேண்டுமென்றால் நல்ல முழுச் செம்பு ஒயர் கிட்டைக் கொண்டுவாருங்கள்.

ஆம்ப் இல்லாமல், கம்பெனி ஸ்டீரியோவிலேயே ஸ்பீக்கரை மட்டும் மாற்றுவதானால் டப்பாவின் மேல் 300, 350 வாட்ஸ் என்று கொட்டை எழுத்தில் இருப்பதைப் பார்க்காதீர்கள். அது ஒரு நொடி உச்சம். ஸ்டீரியோ ஒரு சேனலுக்கு, அதாவது ஒரு ஸ்பீக்கர் வழிக்கு, உண்மையாகத் தருவது 15 முதல் 20 வாட்ஸ்தான். ஆகவே பார்க்க வேண்டியது சென்சிட்டிவிட்டி, அதாவது கொடுக்கிற பவருக்கு ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தருகிறது என்பது. 90 டெசிபலோ அதற்கு மேலோ இருக்கட்டும். 87 டெசிபல் ஸ்பீக்கரை 90 டெசிபல் ஸ்பீக்கர் அளவுக்குப் பாட வைக்க இரண்டு மடங்கு பவர் தேவை. 100 வாட்ஸ் ஆர்எம்எஸ் (உச்சம் அல்ல, தொடர்ந்து வரும் பவர்) தாங்கும் விலை உயர்ந்த ஸ்பீக்கரைப் போட்டும் "பழசே பரவாயில்ல போல" என்று சொல்பவர்களில் பலருக்கு நடந்தது இதுதான். 4 ஓம் ஸ்பீக்கராக இருக்கட்டும். கம்பெனியிலேயே பிரீமியம் பிராண்டு சவுண்ட் என்று கொடுத்த வண்டிகளில் தனி ஆம்பும் குறைந்த ஓம் ஸ்பீக்கரும் இருக்கலாம். அங்கே அளந்து பார்க்காமல் கை வைக்கக் கூடாது.

இனி கதவு. இந்த இடத்தில் பக்கத்திலேயே நின்று பாருங்கள். கைப்பிடிக்குள்ளும் ஆர்ம்ரெஸ்ட்டிலும் மூடி போட்டு மறைத்த ஸ்க்ரூக்களை எடுத்த பிறகு பேடை பிளாஸ்டிக் ட்ரிம் டூலால் கீழ் ஓரத்திலிருந்து நெம்ப வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பெயின்ட் போகும், கிளிப் உடையும். எப்படியும் ஒன்றிரண்டு கிளிப் உடையும் என்பதால் அந்த வண்டிக்கான கிளிப் பத்து முன்கூட்டியே வாங்கி வையுங்கள். உடைந்ததை அப்படியே விட்டால் பிறகு வரும் கடகட சத்தத்துக்கு ஸ்பீக்கரைத் திட்டுவோம்.

பேடை எடுத்தால் ஒரு பிளாஸ்டிக் ஷீட், கறுப்புப் பசையில் ஒட்டியிருக்கும். மழைநீர் கண்ணாடி இடுக்கு வழியே கதவுக்குள் இறங்குவது இயல்பு; அடியிலுள்ள துளைகள் வழியே அது வெளியே போய்விடும். வண்டிக்குள் வராமல் தடுப்பது அந்த ஷீட். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு பேடை மூடினால் ஐப்பசி அடைமழையில் கால்மிதி நனையும். சுற்றி வெட்டாமல் பசையோடு மெதுவாக உரித்து, திரும்ப அதே பசையில் அழுத்தி ஒட்டச் சொல்லுங்கள். பசை காய்ந்திருந்தால் பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் டேப்) வைத்து ஒட்டலாம்.

வெளித் தகட்டின் உள்பக்கம் அலுமினிய முகம் வைத்த 2 மி.மீ. பியூட்டைல் ஷீட் ஒட்ட வேண்டும். தகட்டை முழுக்க மூடத் தேவையில்லை. நடுப்பகுதியில் மூன்றில் ஒரு பங்கு ஒட்டி ரோலரால் அழுத்தினாலே தகரச் சத்தம் போய்விடும். தட்டிப் பாருங்கள், 'டங்' என்பது 'டப்' ஆக வேண்டும். விலை குறைவு என்று தார் ஷீட்டை ஒட்ட விடாதீர்கள். சென்னை வெயிலில் நிற்கும் கதவுக்குள் அது இளகி வழியும், வாடையும் வரும். உள் தகட்டில் ஸ்பீக்கரைச் சுற்றியுள்ள ஓட்டைகளை அடைப்பதுதான் பேஸுக்கு நேரடி லாபம். உள்ளும் புறமுமாக ஒரு கதவுக்கு ஐந்தாறு சதுர அடி ஆகும். அடியிலுள்ள வடிகால் துளையை மட்டும் யாரும் மூடிவிடாமல் பாருங்கள். மூடினால் தண்ணீர் தேங்கிக் கதவு அடியிலிருந்து துருப்பிடிக்கும். கடற்காற்று அடிக்கும் காசிமேடு, எண்ணூர்ப் பக்கம் இது இன்னும் வேகமாக நடக்கும்.

ஸ்பீக்கருக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு ரிங் வேண்டும். கடையில் எம்டிஎஃப் பலகையில் வெட்டித் தருவார்கள். சீலர் அடிக்காத எம்டிஎஃப் ஈரத்தில் ஊறிப் பொரியும், ஸ்க்ரூ பிடிப்பு போகும். கெட்டி பிளாஸ்டிக் ரிங் கிடைத்தால் அதையே கேளுங்கள். இல்லையென்றால் எம்டிஎஃப்புக்கு எல்லாப் பக்கமும் பெயின்ட் அடித்துக் காய்ந்த பிறகே மாட்டட்டும். மாட்டுவதற்கு முன் கண்ணாடியை அடிவரை இறக்கிக் காந்தத்தில் இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். ட்வீட்டர் (கூர்மையான ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) தனியாக வரும் செட் என்றால், ஒலியைப் பிரித்து அனுப்பும் அதன் கிராஸ்ஓவர் டப்பாவைக் கதவுக்குள் வைக்காமல் டேஷ்போர்டுக்குள் வைக்கச் சொல்லுங்கள். ட்வீட்டர் ஒயரைப் பில்லர் வழியே இழுக்கும்போது, கர்ட்டன் ஏர்பேக் உள்ள வண்டிகளில் அந்தப் பையின் மேல் ஒயர் போகக் கூடாது.

இதோடு நிறுத்திக்கொண்டாலே பாதிப் பேருக்குப் போதும் என்பது என் கணிப்பு. பத்து ரூபாய் செலவு செய்தால் ஐந்து ரூபாய் ஸ்பீக்கருக்கும் ஐந்து ரூபாய் இந்தக் கதவு வேலைக்கும் போகட்டும். பின்கதவை அப்படியே விட்டுவிடலாம்.

இன்னும் வேண்டும் என்றால் ஸ்பீக்கர் லெவல் இன்புட் உள்ள 4 சேனல் ஆம்ப், சேனலுக்கு 50 வாட்ஸ் ஆர்எம்எஸ். கம்பெனி ஸ்டீரியோவில் ஆம்புக்குச் சிக்னல் கொடுக்கும் ஆர்சிஏ பின் இருக்காது என்பதால் ஸ்பீக்கர் ஒயரிலிருந்துதான் சிக்னல் எடுக்க வேண்டும். ஸ்டீரியோவுக்கும் வண்டியின் கப்ளருக்கும் நடுவே சொருகும் ஹார்னெஸ் (கப்ளர் போட்ட ஒயர் தொகுப்பு) கிடைக்கிறது. சிக்னல் அதில் வெளியே போய், ஆம்பிலிருந்து திரும்பி அதே பழைய ஸ்பீக்கர் ஒயரில் இறங்கும். எதையும் வெட்ட வேண்டியதில்லை, பின்னால் வண்டியை விற்கும்போது உருவிவிடலாம். அந்த ஸ்பீக்கர் ஒயர்களில் பிளஸ், மைனஸ் இரண்டிலுமே பேட்டரி வோல்டேஜில் பாதி அளவு எப்போதும் நிற்கும். மைனஸ்தானே என்று பாடியில் எர்த் கொடுத்தால் ஸ்டீரியோவின் ஐசி போய்விடும். சில புதிய கார்களில் ஸ்டீரியோ, ஸ்பீக்கர் இருக்கிறதா என்று தானே சோதித்து, இல்லையென்று நினைத்தால் சத்தத்தை நிறுத்திவிடும். அங்கே ஸ்பீக்கர் இருப்பதுபோலக் காட்டும் லோட் ரெசிஸ்டர் வைக்க வேண்டும். வால்யூம் ஏற்றும்போது பேஸைத் தானாகக் குறைக்கும் ஸ்டீரியோக்களும் உண்டு. அவற்றுக்கு டிஎஸ்பி உள்ள ஆம்ப் எடுத்தால்தான் ஓரளவுக்குச் சரிக்கட்ட முடியும்.

வேலை தொடங்கும்போது பேட்டரியின் மைனஸை முதலில் கழற்ற வேண்டும். ரேடியோ கோடு கேட்கும் வண்டி என்றால் அந்த அட்டையை வீட்டில் தேடி எடுத்துவிட்டே போங்கள். பவர் ஒயர் நேராகப் பேட்டரியிலிருந்து வர வேண்டும். பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ். இந்த அளவு கிளாஸ் டி ஆம்புக்கு 8 கேஜ் முழுச் செம்பு ஒயரும் 30 ஆம்பியர் ஃபியூஸும் போதும். பேஸுக்கான தனி ஸ்பீக்கரான சப்வூஃபரும் சேர்த்தால் 4 கேஜ் (எண் குறைந்தால் ஒயர் தடிமன்). ஒயர் நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். உப்புக்காற்றில் அது சீக்கிரம் பொடிந்துபோகும். எர்த் பாயின்ட்டில் பெயின்ட்டைச் சுரண்டி, லக் வைத்து போல்ட்டில் இறுக்கி, மேலே வாசலின் தடவ வேண்டும். எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் 'ஞொய்ய்' சத்தம் வந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு இந்த எர்த்தில்தான் பிழை. மிச்சம், பவர் ஒயரையும் சிக்னல் ஒயரையும் ஒரே பக்கம் இழுத்ததால் வருவது.

ஆம்பை எங்கே வைப்பது என்பதில் ஊர் நிலவரம் தெரிந்தவர் பேச்சைக் கேளுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வடசென்னைத் தெருக்களில் நின்ற தண்ணீர் நினைவிருக்கும். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை நல்ல மழைக்கே நிரம்பிவிடும். சீட்டுக்கு அடியில் தரையோடு வைத்த ஆம்பும் சப்வூஃபரும் முதலில் மூழ்கும். டேஷ்போர்டுக்குள் நுழையும் சின்ன ஆம்ப், இல்லையென்றால் டிக்கியில் பின்சீட்டு முதுகில் உயரமாக ஒரு பலகை போட்டு மாட்டுவது நல்லது. சீட்டடி சப் வேண்டும் என்றால், மழைக்காலத்தில் இரண்டு போல்ட்டும் ஒரு கப்ளரும் கழற்றி வீட்டுக்குள் எடுத்து வைக்கிற மாதிரி மாட்டச் சொல்லுங்கள்.

வரும் சிக்னலை ஆம்ப் எவ்வளவு பெருக்க வேண்டும் என்று வைக்கும் கெய்னை வால்யூம் நாப் மாதிரி திருகி வைத்துவிடுவார்கள். மல்டிமீட்டர் வைத்துச் செய்யச் சொல்லுங்கள். ஸ்டீரியோவில் டோன் எல்லாம் நடுவில், வால்யூம் முக்கால் பங்கு, 1000 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோன், ஸ்பீக்கர் கழற்றிய நிலை. 50 வாட்ஸ், 4 ஓமுக்கு ஆம்பின் ஸ்பீக்கர் முனைகளில், மீட்டரை ஏசி வோல்ட் (மாறுமின்) அளவில் வைத்து, 14 வோல்ட் காட்டும் இடத்தில் நிறுத்த வேண்டும். கதவு ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸ் ஹைபாஸ் (அதற்கு மேலுள்ள ஒலியை மட்டும் விடுவது). சப் இருந்தால் அதற்கு அதே 80 லோபாஸ் (அதற்குக் கீழுள்ளதை மட்டும் விடுவது). பிறகு நன்றாகத் தெரிந்த ஒரு கானாப் பாட்டைப் போட்டுக் கேளுங்கள். குரல் டேஷ்போர்டு நடுவிலிருந்து வர வேண்டும், டோலக்கின் இடது பக்க அடி நெஞ்சில் படவேண்டும். குரல் எங்கோ பரவி, டோலக் மெலிந்து கேட்டால் ஒரு பக்கம் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றி, ஒன்றரை வோல்ட் பென்டார்ச் பேட்டரியின் பிளஸைப் பிளஸ் ஒயரிலும் மைனஸை மைனஸ் ஒயரிலும் ஒரு நொடி தொட்டால் கோன் வெளியே தள்ள வேண்டும். எந்தப் பக்கம் உள்ளே போகிறதோ அதை மாற்றிக் கொடுக்கட்டும்.

கடைசியாகப் பேட்டரி. நாம் போன பிறகு வண்டி வாரக்கணக்கில் நிற்கும் வீடுகளுக்கு இது மிக முக்கியம். சிக்னல் பார்த்துத் தானே ஆன் ஆகும் ஆம்ப் சில நேரம் தூங்காமலே இருந்துவிடும். வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் கழித்து, பேட்டரியின் மைனஸ் கேபிளைக் கழற்றி, அதற்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் இணைத்துப் பாருங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். மீட்டர் இருக்கும்போது கதவைத் திறக்காதீர்கள், ஸ்டார்ட் செய்யவே செய்யாதீர்கள், மீட்டர் ஃபியூஸ் போய்விடும். அளவு கூடுதலாக இருந்தால் ஆட்டோ ஆனை நிறுத்திவிட்டு, சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் ஒரு ஃபியூஸிலிருந்து, ஆம்பை ஆன் செய்யும் ரிமோட் ஒயர் எடுக்கச் சொல்லுங்கள். கிளம்பும் முன் பானெட்டைத் திறந்து, ஆம்பின் பெரிய ஃபியூஸ் எது என்று வீட்டில் இருப்பவர்களுக்குக் காட்டி, ஒரு முறை அவர்கள் கையாலேயே உருவிப் போடச் சொல்லுங்கள். வண்டியை ரொம்ப நாள் எடுக்காமல் விடும்போது அதை உருவி வைத்தால் போதும்; கம்பெனி செட் அதுபாட்டுக்கு இருக்கும்.