யாத்திரிகர் பாதையில் உள்ள ஊரா, பாதை தள்ளிய ஊரா? ஸ்பானியச் சமவெளியில் இரண்டு இரவு

ஸ்பெயினின் வடக்கு மேட்டுச் சமவெளியில் தியெர்ரா தெ காம்போஸ் என்றொரு வட்டாரம். பலென்சியா, வல்லாடோலிட், சமோரா, லெயோன் என்று நான்கு மாகாணங்களில் பரந்து கிடக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 700 முதல் 850 மீட்டர் உயரம். கண்ணுக்கெட்டிய வரை கோதுமையும் பார்லியும். நடுநடுவே மண் சுவர் வீடுகள், இடிந்தும் இடியாமலும் நிற்கும் புறாமாடங்கள், ஊருக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிய தேவாலயங்கள். பலென்சியா மாகாணத்தில் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 20 பேர்தான். ஆளரவமற்ற விவசாயக் கிராமத்தில் இரண்டு நாள் தங்க ஆசைப்படுகிறவர்களுக்குத் தோதான இடம்.

எந்த ஊரில் தங்குவது என்பதுதான் கேள்வி. பத்து கிலோமீட்டருக்குள் இருக்கும் இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று போவாதியா தெல் காமினோ. ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் உள்ள கிறிஸ்தவப் புனித நகரமான சந்தியாகோ செல்லும் பாத யாத்திரிகர்கள் ஊருக்குள்ளேயே நடந்து போவார்கள். இன்னொன்று தாமரா தெ காம்போஸ். அந்தப் பாதைக்குத் தெற்கே ஒதுங்கி நிற்கிறது. இரண்டிலும் நிரந்தரமாக வசிப்பவர்கள் நூற்றைச் சுற்றியே. எங்கள் ஓட்டு தாமராவுக்கு, ஆனால் இரண்டு நிபந்தனைகளோடு: கையில் கார் வேண்டும், வீட்டில் சமையலறை வேண்டும்.

மூன்றாவது வழியும் உண்டு: பலென்சியா நகரத்தில் அறை எடுத்துக்கொண்டு பகலில் மட்டும் போய் வருவது. மலிவு, வசதி. ஆனால் ஜூன் கடைசியில் சூரியன் இரவு பத்து மணி நெருங்கும்போதுதான் விழுகிறது. பகல் பயணிகள் இருக்கும் பதினொன்று முதல் ஆறு வரை வெயில் கொளுத்தும், சன்னல்கள் அடைத்துக் கிடக்கும், தெருவில் நாய்கூட இருக்காது. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஊர்க்காரர்கள் வாசலுக்கு வரும் நேரத்தில் நீங்கள் பலென்சியாவில் இருப்பீர்கள். எனவே அதை இத்தோடு விட்டுவிடலாம்.

போய்ச் சேர்வதில் போவாதியாதான் முந்துகிறது. மாட்ரிட் சாமர்டின் நிலையத்திலிருந்து பலென்சியாவுக்கு அதிவேக ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். அங்கே சாந்தாந்தேர் தடத்து வட்டார ரயில் பிடித்தால் அரை மணியில் ஃப்ரோமிஸ்தா. நாளுக்குச் சில ரயில்களே ஓடுகின்றன. திரும்பும் ரயிலையும் முதலிலேயே பார்த்துவைக்க வேண்டும். ஃப்ரோமிஸ்தாவிலிருந்து போவாதியாவுக்குக் காஸ்தியா கால்வாய்க் கரையோடு ஆறு கிலோமீட்டர் நடை, ஒன்றரை மணி நேரம், ஏற்றமே கிடையாது. 1753-ல் தொடங்கி 1849-ல் முடிந்த கால்வாய் இது. கோவேறு கழுதைகள் இழுத்த படகுகளில் தானியம் போன காலம் ரயில் வந்ததும் முடிந்தது. இப்போது பாசனத்துக்கு ஓடுகிறது. ஃப்ரோமிஸ்தாவில் படிக்கட்டு போல அடுத்தடுத்து நான்கு மதகறைகள் (படகை ஏற்றி இறக்கும் கதவு வைத்த நீர் அறைகள்), தண்ணீர் சுமார் 14 மீட்டர் இறங்குகிறது. 11-ஆம் நூற்றாண்டின் சான் மார்த்தின் தேவாலயமும் அதே ஊரில்தான்.

தாமராவுக்குக் கார் இல்லாமல் போவது கஷ்டம். மாநில அரசு நடத்தும் 'அழைத்தால் வரும் பேருந்து' சேவை இந்த வட்டாரக் கிராமங்களில் உண்டு. முன்கூட்டியே தொலைபேசியில் பதிவு செய்ய வேண்டும். வாரத்தில் குறிப்பிட்ட நாள்களில், ஊர் முதியவர்கள் மருத்துவமனைக்கும் சந்தைக்கும் போய்வர ஏற்றபடி காலையில் நகரத்துக்கும் மதியம் ஊருக்கும் ஓடும் வண்டி அது. நமக்கு நேர் எதிர்த் திசை. ஆகவே பலென்சியாவிலோ வல்லாடோலிட்டிலோ கார் எடுப்பதே வழி. வாடகை அலுவலகங்கள் மதியம் மூடும், ஞாயிறு பெரும்பாலும் திறக்காது. தானியங்கி கியர் வேண்டுமென்றால் முன்பதிவிலேயே கேட்க வேண்டும். இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்கட்டும்.

இத்தனை தொல்லை எதற்கு? அமைதிக்காக. போவாதியாவில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை விடியற்காலை ஆறு மணிக்கே நெற்றி விளக்கும் ஊன்றுகோல் சத்தமுமாக யாத்திரிகர்கள் கிளம்பிவிடுவார்கள். பகல் ஒன்றுக்கு அடுத்த கூட்டம் வந்து இறங்கும். ஊர் உண்மையில் ஊராக இருப்பது காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரைதான். தேவாலயத்துக்கு எதிரே நிற்கும் 15-ஆம் நூற்றாண்டு நீதித் தூண் (குற்றவாளிகளைக் கட்டிவைத்த கல்தூண்), சிப்பிச் செதுக்கல்களோடு, பார்க்க வேண்டிய ஒன்று. அதற்கு ஒரு மணி நேரம் போதும். யாத்திரிகர் விடுதிகளில் பொது விடுதிகள் நடைச் சான்று அட்டை (யாத்திரிகர் என்று காட்டும் அட்டை) இல்லாதவர்களை ஏற்பதில்லை. நடக்காதவர்கள் தனியார் விடுதி அல்லது கிராம வீடு பார்க்க வேண்டும்.

இனி முடிவைத் தீர்மானிக்கும் விஷயம்: சாப்பாடு. இந்தச் சமவெளிக்கு வந்து ஏமாந்து திரும்புகிறவர்களில் பலர் சரியாகச் சாப்பிடக் கிடைக்காமல் திரும்பியவர்களே.

பாதை ஊரில் பார் (காபியும் மதுவும் சாப்பாடும் கிடைக்கும் ஊர்க்கடை) யாத்திரிகரை நம்பி நடக்கிறது. பருவத்தில் காலை ஆறரைக்கே காபி, இரவு ஏழு மணிக்கே யாத்திரிகர் சாப்பாடு. ஸ்பெயினில் பொதுவாக அந்த நேரத்தில் இரவுச் சோறு கிடைப்பது அரிது. நவம்பரில் விடுதி மூடினால் அந்த அடுப்பும் அணையும். பாதை தள்ளிய ஊரில் கதை வேறு. அங்கே பார் பெரும்பாலும் ஊராட்சிக்குச் சொந்தம்; 1960-களில் ஊருக்கு ஒரு தொலைக்காட்சி வைக்கத் தொடங்கிய 'தெலெக்ளுப்' என்ற பெயரே பல இடங்களில் இன்னும் நிலைத்திருக்கிறது. நடத்த ஆள் கிடைத்தால் குறைந்த வாடகைக்குக் கொடுப்பார்கள், கிடைக்காவிட்டால் பூட்டு. திறந்திருந்தாலும் பகலில் ஒரு கோப்பை, மாலையில் சீட்டாட்டம் அவ்வளவே. சமைத்த சாப்பாடு உண்டா என்பது நடத்துகிறவரைப் பொறுத்தது. போன வருடம் யாரோ இணையத்தில் எழுதியதை நம்பக் கூடாது. வீட்டு உரிமையாளரிடம் மூன்றே கேள்வி: பார் இப்போது திறந்திருக்கிறதா, எந்தக் கிழமை விடுமுறை, ரொட்டி வண்டி எந்த நேரம்?

கடையே இல்லாத ஊர்களுக்கு வண்டிகள்தான் கடை. ரொட்டி வண்டி பல ஊர்களுக்குத் தினமும் வரும், காய்கறிக்கும் மீனுக்கும் வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ. சதுக்கத்தில் நின்று நீளமாக ஹார்ன் அடித்து, ஐந்து பத்து நிமிடத்தில் கிளம்பிவிடும். சில்லறை யூரோ கையில் இருக்கட்டும். ஏடிஎம் பக்கத்து ஊரிலும் இல்லாமல் போகலாம்.

அதனால் நாள் கணக்கே முக்கியம். ஞாயிறு மதியம் வந்து சேர்வதுதான் வழக்கமான தவறு: நகரத்து சூப்பர் மார்க்கெட் மூடியிருக்கும், திங்களன்று பாரும் விடுமுறையாக இருக்க வாய்ப்பு அதிகம். செவ்வாய் காலை பலென்சியாவில் வாங்கிக்கொண்டு மதியம் ஊர் சேர்ந்து வியாழன் கிளம்புவது சரியாக வரும். இருவருக்கு இரண்டு இரவென்றால் அரைக் கிலோ பர்தினா பயறு (இந்த வட்டாரத்துச் சிறு பழுப்புப் பயறு, ஊறவைக்க வேண்டாம், நாற்பது நிமிடத்தில் வெந்துவிடும்), ஒரு டஜன் முட்டை, ஆட்டுப்பால் சீஸ், தக்காளி, வெங்காயம், பூண்டு. ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேன் இரண்டு. நைட்ரேட் கூடி, குழாய் நீரைக் குடிக்க வேண்டாம் என்று அறிவிக்கும் ஊர்கள் இம்மாநிலத்தில் உண்டு. அடுப்பு பியூட்டேன் என்றால் ஆரஞ்சு நிற 12.5 கிலோ சிலிண்டருக்கு மாற்று இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

சைவர்களுக்கு இந்தச் சமையலறை விருப்பமல்ல, கட்டாயம். பயறு, பூண்டு சூப் எதைக் கேட்டாலும் சொரீசோவோ (பன்றித் தொத்திறைச்சி) பன்றி ஹாமோ உள்ளே கிடக்கும். 'இறைச்சி இல்லாமல்' என்றால் துண்டுகளைப் பொறுக்கிவிட்டுக் கொடுப்பதும் நடக்கும்.

சாப்பாடு அமைந்துவிட்டால் தாமராவில் மீதி தானாக அமையும். சான் இபோலித்தோ தேவாலயத்தில் ஒற்றை மரத்தூணின் மேல் நிற்கும் ஆர்கனைப் பார்க்காமல் வரக் கூடாது. கதவு பூட்டியிருந்தால் சாவி எந்த வீட்டில் என்று விசாரியுங்கள். மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை மட்டும் யார் கதவையும் தட்ட வேண்டாம். வயல் வண்டிப் பாதைகளில் நடக்கலாம், காரை மட்டும் மழைக்குப் பிறகு இறக்காதீர்கள். இங்குள்ள களிமண் டயர் பள்ளங்களை அடைத்துவிடும், சக்கரம் சும்மா சுற்றும், ட்ராக்டர்க்காரரைத் தேட வேண்டி வரும்.

பருவத்தைப் பொறுத்தவரை மே கடைசி இரண்டு வாரம் முதலிடம்: பயிர் பச்சை, வரப்பில் பாப்பிப் பூ. ஜூன் கடைசியிலிருந்து ஜூலை வரை அறுவடை. இயந்திரங்கள் நள்ளிரவு வரை ஓடும், தூசிக்குச் சன்னலைத் திறக்க முடியாது. ஆகஸ்ட் நடுவில் ஊர்த் திருவிழாக்கள், நகரத்துப் பிள்ளைகள் எல்லாரும் வந்துவிடுவார்கள், விடியும் வரை இசை. குளிர்காலத்தில் உறைபனியும் மூடுபனியும். தரைக்கடியில் வைக்கோல் எரித்துச் சூடேற்றும் பழைய 'குளோரியா' இயங்கும் வீடு கிடைத்தால் யோசிக்கலாம். வெறும் மின் ஹீட்டர் என்றால் மண் சுவர் வீடு சூடாவதற்குள் நீங்கள் கிளம்பும் நாள் வந்துவிடும்.

காரும் வேண்டாம், சமையலும் வேண்டாம் என்றால் போவாதியாவே சரி, அதுவும் ஏப்ரலுக்கும் அக்டோபருக்கும் இடையே. அங்கேயும் இரவுச் சாப்பாட்டை மதியமே சொல்லி வைத்துவிடுங்கள். பல விடுதிகள் தலைக்கணக்குப் பார்த்துத்தான் உலை வைக்கின்றன.