ஊர் கூடி வரைந்த வரைபடத்தை நம்பி வண்டியைக் கிளப்பலாமா?

ஜிபிஎஸ் வேலை செய்ய இணையம் வேண்டும் என்று இன்னமும் பலர் நினைக்கிறார்கள். வேண்டாம். செயற்கைக்கோள் சிக்னலை வைத்துக் கருவி கண்டுபிடிப்பது நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை மட்டும்தான். அது எந்தத் தெரு, அடுத்து எந்தப் பக்கம் திரும்புவது என்பதெல்லாம் வரைபடத்தின் வேலை. அதை முன்கூட்டியே இறக்கி வைத்துவிட்டால் சிம் இல்லாத போன்கூட வழி சொல்லும். எந்த வரைபடத்தை இறக்குவது என்பதில்தான் குழப்பம்.

போட்டியில் இருப்பவை மூன்று. கூகுள் மேப்ஸின் ஆஃப்லைன் வசதி ஒன்று. கார்மின் போன்ற தனி ஜிபிஎஸ் கருவிகளில் நிறுவனமே ஏற்றித் தரும் வரைபடம் இன்னொன்று. மூன்றாவது, 2004-ல் பிரிட்டனில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிவைத்து, உலகெங்கும் தன்னார்வலர்கள் வரைந்துவரும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். இது ஆப் அல்ல, தரவு. ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மண்ட் மாதிரி ஆப்கள் அதை எடுத்துக் காட்டுகின்றன.

முகவரி தேடுவதில் கூகுளை மிஞ்ச ஆளில்லை. கடை திறந்திருக்கிறதா, முன்னால் நெரிசலா என்பதிலும் அப்படித்தான், இணையம் இருக்கும்வரை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவில் நேரடிப் போக்குவரத்து நிலவரம் கிடையாது. வீட்டு எண்களும் நாட்டுக்கு நாடு மாறும். நெதர்லாந்தில் அரசின் முகவரிப் பதிவேட்டையே உள்ளே சேர்த்திருப்பதால் கதவு வரை கொண்டுபோய் விடும். பல நாடுகளில் தெருவோடு நின்றுவிடும்.

காரை விட்டு இறங்கியதும் ஆட்டம் மாறுகிறது. கூகுளில் இறக்கி வைத்த வரைபடம் இணையம் இல்லாதபோது வண்டிக்கு மட்டும்தான் வழி சொல்லும். நடப்பவருக்கும் சைக்கிள்காரருக்கும் கையை விரித்துவிடும். குறித்த காலத்துக்குள் புதுப்பிக்காவிட்டால் காலாவதியும் ஆகிவிடும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் பலமே இங்கேதான். ஒற்றையடிப் பாதை, படிக்கட்டு, குடிநீர்க் குழாய், பூட்டிய கேட், தார் முடிந்து மண் தொடங்கும் இடம் என்று, நடந்து பார்த்த ஒருவர் குறித்துவைத்தால்தான் தெரியக்கூடிய விவரங்கள் அதில் இருக்கும். மலைப்பாதைக்கு நான் வேறெதையும் திறப்பதில்லை.

ஆனால் அந்த ‘ஒருவர்’ அங்கே போயிருக்க வேண்டுமே! தரம் ஏறி இறங்குவது அதனால்தான். 2010 ஜனவரியில் ஹைட்டியில் நிலநடுக்கம் வந்தபோது, வரைபடத்தில் ஏறக்குறைய வெற்றிடமாக இருந்த தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸை எங்கெங்கோ இருந்த தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துச் சில நாட்களில் வரைந்து முடித்தார்கள். மீட்புக் குழுக்கள் அதைக் கைக்கருவிகளில் ஏற்றிக்கொண்டு போயின. மறுபக்கம், அமெரிக்காவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் சாலைத் தரவை 2007-08 வாக்கில் மொத்தமாக இதற்குள் கொட்டியதில், இடம் தள்ளிய சாலைகளும் இல்லாத சாலைகளும் சேர்ந்தே வந்துவிட்டன. ஆளரவம் குறைந்த பகுதிகளில் அந்த மிச்சத்தை இன்னும் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாத பிழைதான் அதிகம் படுத்தும். இரண்டு சாலைகள் திரையில் சந்திப்பதுபோல் இருக்கும். ஆனால் வரைந்தவர் இரண்டுக்கும் பொதுவான புள்ளியை வைக்க மறந்திருந்தால், மென்பொருளைப் பொறுத்தவரை அங்கே சந்திப்பே இல்லை. நேரே திரும்பவேண்டிய இடத்தில் ஊரைச் சுற்றச் சொல்லும். அதனால் கிளம்புமுன் போகவேண்டிய வழியை ஒருமுறை போட்டுப் பாருங்கள். காரணமில்லாமல் எங்காவது வளைந்தால் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கூகுளோடு ஒப்பிட்டாலே பாதி சந்தேகம் தீரும்.

ஆப்களில் ஆர்கானிக் மேப்ஸ் எளிமையானது, விளம்பரமும் இல்லை. யார் கையில் கொடுத்தாலும் பழகிவிடும். ஆஸ்மண்டில் எல்லாமே இருக்கிறது, அமைப்புகளுக்குள் நுழைந்தால் வெளியே வரத்தான் நேரமாகும். அதன் இலவசப் பதிப்பில் இறக்கும் வரைபடங்களுக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. எஃப்-டிராய்டு என்ற, ஆண்ட்ராய்டுக்கான கட்டற்ற மென்பொருள் ஆப் தளத்தில் கிடைக்கும் பதிப்பில் அது இல்லை.

தனிக்கருவி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழி. கார்மினுக்கென்றே மாற்றிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் கோப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மெமரி கார்டில் ‘கார்மின்’ (Garmin) என்ற ஃபோல்டருக்குள் போட்டால் போதும். பழைய கருவிகள் ‘ஜிமேப்சப்’ (gmapsupp.img) என்ற பெயரில் இருக்கும் ஒரே கோப்பைத்தான் கண்டுகொள்ளும். ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. கண்டம் முழுவதையும் ஒரே கோப்பில் அடைக்க நினைத்தால் நடக்காது. சில கோப்புகள் படம் மட்டும் காட்டும், வழி போடாது. இறக்கும் முன்பே விவரத்தைப் படித்துவிடுங்கள். ஏற்றிய பிறகு, கருவியோடு வந்த வரைபடத்தை அமைப்புகளில் அணைத்து வையுங்கள். இல்லாவிட்டால் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டையும் வரைந்து குழப்பும். முகவரித் தேடல் இதில் நொண்டும், போகும் இடங்களை முன்பே புள்ளிகளாகச் சேமித்துக்கொள்வது நல்லது.

நகரத்துக்குள் கார் என்றால் கூகுளே போதும். நடை, சைக்கிள், சிக்னல் கிடைக்காத மலை என்றால் ஆர்கானிக் மேப்ஸ். மழையிலும் குளிரிலும் நாள்கணக்கில் நடப்பவர்களுக்கு மட்டுமே கார்மினை வாங்கச் சொல்வேன். அதற்கும் வரைபடத்துக்கென்று தனியாகக் காசு கொடுப்பதற்குமுன் இலவசக் கோப்பை ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். வழியில் தப்பான சாலை கண்ணில் பட்டால், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கணக்கு ஒன்று தொடங்கி நீங்களே திருத்திவிடலாம், யார் அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.