சமவெளி வெயிலில் ஷிம்பாக்கு ஜூனிப்பர்: இறக்குமதி மரத்தை நிலைநிறுத்திய அனுபவம்

ஜப்பானிலிருந்தோ சீனாவிலிருந்தோ வரும், ஜூனிப்பர் என்ற பசுமைமாறா மரத்தின் போன்சாய் (தொட்டியில் குறுக்கி வளர்த்த மரம்) சென்னை, திருச்சி, மதுரை வெயிலைத் தாங்குமா? ரகம் சரியாக இருந்தால் தாங்கும், தழைக்கவும் செய்யும். குளிர்காலம் கிடைக்காதே என்றுதான் பலரும் கவலைப்படுகிறார்கள். ஆனால் சமவெளியில் பட்டுப்போன மரங்களில் பல சூடேறிய தொட்டியாலும் நீர் வடியாத மண்ணாலும் போனவை. இந்தோனேசியாவின் தாழ்நிலங்களில் பனியே காணாமல் ஷிம்பாக்கு என்ற சீன ஜூனிப்பர் வகை செழிப்பாக வளர்கிறது.

ரகத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஷிம்பாக்கு, அதிலும் அதன் உள்வகைகளான இட்டோயிகவா, கிஷு இரண்டும் வெப்பத்துக்கு இணங்கிப் போகும். படர்ந்து வளரும் புரோகும்பென்ஸ் நானா என்ற ஜூனிப்பரும் தாங்கும். ஐரோப்பிய ‘கம்யூனிஸ்’ ஜூனிப்பர் வகையைச் சமவெளிக்கு வாங்கவே கூடாது. ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்கள் வேண்டுமானால் முயன்று பார்க்கலாம்.

இந்தியாவுக்குள் மண்ணோடு செடி கொண்டுவரத் தடை இருப்பதால், முறையாக வரும் மரத்தின் வேர் மண் நீக்கிக் கழுவப்பட்டு, தென்னை நார்த்தூள் போன்ற ஈரப்பொருளில் பொதியப்பட்டிருக்கும். நுனிவேர்களில் பெரும்பகுதி அப்போதே போயிருக்கும். அதனால் நவம்பர் முதல் ஜனவரி நடுப்பகுதிக்குள் வந்து சேரும்படி ஏற்பாடு செய்வது முக்கியம். ஏப்ரலில் வந்த மரம் வேர் விடுவதற்குள் கத்திரி வெயில் வந்துவிடும்.

வந்த அன்றே நட வேண்டும். ஒட்டியிருக்கும் நார்த்தூளை மூங்கில் குச்சியால் மெல்லத் தட்டி உதிர்த்தால் போதும், மறுபடி வேரைக் கழுவ வேண்டாம். அழகான ஆழமில்லாத தொட்டியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் 12 முதல் 15 செ.மீ. ஆழமுள்ள சுடுமண் தொட்டி அல்லது துளைகள் நிறைந்த கூடையே ஏற்றது. அடித்துளை வழியாக அலுமினியக் கம்பி விட்டு வேர்க்கட்டை இறுகக் கட்டுங்கள். காற்றில் மரம் ஆடினால், அன்றன்று விடும் வெள்ளை நுனிவேர்கள் அறுந்துகொண்டே இருக்கும். மருந்து, உரம் எல்லாவற்றையும் யோசிப்பவர்கள் இந்தக் கம்பிக் கட்டை மறந்துவிடுகிறார்கள்.

மண்கலவைக்கு பியூமிஸ் (நுண்துளைகள் நிறைந்த எரிமலைக்கல்) 4 பங்கு, நன்றாக வெந்த செங்கல்லை உடைத்த துகள் 3 பங்கு, பொடியாக நறுக்கிய தேங்காய் மட்டைத் துண்டு 1 பங்கு. இரண்டு சல்லடை வைத்து 3 முதல் 6 மி.மீ. வரையுள்ள துகளை மட்டும் எடுத்து, தூள் போகக் கழுவ வேண்டும். அந்தத் தூள்தான் பிறகு அடியில் படிந்து சேறாகி வேரை அழுகவைக்கிறது. தோட்டமண், செம்மண், மண்புழு உரம் எதுவும் இதில் சேரக் கூடாது.

உள்ளூர்க் கடையில் ஏற்கெனவே களிமண்ணில் நட்டு விற்கும் மரமென்றால், வாங்கிய உடனே மண்ணைக் கலைக்காதீர்கள். டிசம்பர், ஜனவரியில் வேர்க்கட்டின் ஒரு பாதியில் மட்டும் களிமண்ணை எடுத்துப் புதுக்கலவை இடுங்கள். மறுபாதி, மரம் நன்றாகத் துளிர்த்த பிறகு அடுத்த குளிர்பருவத்தில்.

ஜூனிப்பரிடம் ஏமாறும் இடம் அதன் பச்சை நிறம். வேர் செத்த பிறகும் இலை பல வாரம் பச்சையாகவே நிற்கும். பழுப்பேறியதைப் பார்த்துத் தண்ணீரைக் கூட்டுவதோ குறைப்பதோ காலம் கடந்த வைத்தியம். இலையைத் தொட்டுப் பாருங்கள்: உயிருள்ள இலை குளிர்ச்சியாகவும் வளைந்து கொடுப்பதாகவும் இருக்கும், போய்க்கொண்டிருக்கும் இலை பளபளப்பு இழந்து சாம்பல் பூத்து, கையில் மொறமொறவென்று குத்தும். சந்தேகமிருந்தால் சின்னக் கிளையில் நகத்தால் கீறுங்கள், உள்ளே ஈரப்பச்சை தெரிய வேண்டும். உட்புறத்தில் பழைய இலைகள் மட்டும் மஞ்சளாகி உதிர்வது இயல்பு. நுனி வெளிறினால்தான் கவலை.

வீட்டுக்குள் வைக்கவே வேண்டாம். பெட்டிக்குள் இருட்டில் வந்த இலை நேர்வெயிலில் கருகும் என்பதால், முதல் வாரம் வெளிச்சமான நிழல், பிறகு காலை வெயில் ஒரு மணி நேரம், நாலைந்து நாளுக்கு ஒருமுறை இன்னும் ஒரு மணி நேரம் என்று கூட்டிக்கொண்டே போங்கள். நிலைபெற்ற மரத்துக்குக் காலை வெயில் ஐந்தாறு மணி நேரம் கட்டாயம். மார்ச் கடைசியிலிருந்து ஜூன் வரை 50 சதவீத நிழல்வலை போதும். மொட்டைமாடித் தளத்தில் தொட்டியை நேராக வைக்காமல் மரப்பலகை மேல் உயர்த்தி, மேற்கு வெயில் படும் பக்கத்தில் ஈரச்சாக்கு சுற்றுங்கள். தொட்டிக்குள் 40 டிகிரியைத் தாண்டினால் நுனிவேர் வெந்துவிடும். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி அந்தச் சூட்டை வெகு சீக்கிரம் எட்டும்.

தண்ணீருக்கு நாள்கணக்கு வேண்டாம். மூங்கில் குச்சியை ஐந்து செ.மீ. செருகிப் பத்து நிமிடம் கழித்து எடுங்கள். முழுக்கக் கறுத்து ஈரமாக இருந்தால் ஊற்ற வேண்டாம், நுனி மட்டும் ஈரமென்றால் அடித்துளை வழியே வழியும்வரை ஊற்றுங்கள். இலைக்குக் காலையும் மாலையும் நீர் தெளிப்பது முதல் சில மாதம் பெரிய உதவி. உப்புள்ள போர் தண்ணீரால் இலை வெளிறினால் இரும்புச்சத்து எட்டவில்லை என்று பொருள். மழைநீரைப் பிடித்துவைத்து ஊற்றினால் தெளியும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டியின் ஒரு பக்கத்துக்குக் கட்டை வைத்துச் சாய்த்துவிடுங்கள், நின்ற நீர் வடியும்.

வெயில் காலத்து எதிரி செஞ்சிலந்தி. வெள்ளைத் தாளின் மேல் கிளையைத் தட்டினால் புள்ளிகள் நகரும். விரலால் தேய்த்தால் செந்நிறக் கோடு விழும். முதலில் இலையின் அடிப்பக்கம் படும்படி வேகமாக நீர் பீய்ச்சுங்கள், பலநேரம் அதுவே போதும். மிஞ்சினால் லிட்டருக்கு 3 மி.லி. வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசலோடு, மாலையில் மட்டும், முதலில் ஒரு கிளையில் தெளித்துப் பார்த்துவிட்டு. கந்தகத்தூளைக் கோடையில் தொடவே வேண்டாம், இலை பொசுங்கும்.

முதல் ஆண்டு கத்தரியும், கிளையை வளைக்கச் சுற்றும் கம்பியும் வேண்டாம். நுனிகளில் உருவாகும் ஆக்ஸின் என்ற வளர்ச்சி ஹார்மோன்தான் கீழிறங்கி வேரைத் தூண்டுகிறது, நுனியைக் கிள்ளினால் வேருக்குப் போகும் தூண்டுதல் குறையும். அதிகமாக வெட்டினால் மெல்லிய செதில் இலைக்குப் பதில் முள்ளிலை வரும், அது மறைய நீண்ட காலம் பிடிக்கும். புதுநுனி தெளிவாக நீண்ட பிறகே உரம்: தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 உரம் லிட்டருக்கு 1 கிராம், பதினைந்து நாளுக்கு ஒருமுறை. மறுஆண்டில் கடலைப் புண்ணாக்குக்கு மாறலாம். பைன் மரத் தொட்டியில் காணும் வெள்ளைப் பூஞ்சை இதில் தெரியவில்லையே என்று தேட வேண்டாம். சத்தை உறிஞ்ச உதவும் ஜூனிப்பரின் துணைப்பூஞ்சை வேருக்குள்ளேயே வாழும் வகை, கண்ணுக்குத் தெரியாது.

ஜின், ஷாரி என்று வெளுத்த பட்டமரப் பகுதி உள்ள மரமாக இருந்தால், நம் ஈரக்காற்றில் அது மண்மட்டத்தில் இற்றுப்போகும், கரையானும் ஏறும். மழைக்கு முன் ஒருமுறை, தை மாதம் ஒருமுறை பட்டமரத்தை நனைத்துவிட்டு லைம் சல்ஃபர் (சுண்ணாம்பு-கந்தகக் கரைசல்) பூசுங்கள். மண்ணில் சொட்டாமலிருக்க தொட்டியின் மேல் பிளாஸ்டிக் தாள் விரித்துக்கொள்ளுங்கள்.