வார்ப்பு ஈயத் தோட்டாவுக்கு எந்த மசகு: கொழுப்பா, அலாக்ஸா?

அலாக்ஸ் என்பது பெட்ரோலியத்திலிருந்து செய்யும் மசகுப் பொருள். தேன்மெழுகு இரண்டு வகை மசகிலும் உண்டு. அதோடு எதைக் கலக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

கரிமருந்து (பழங்காலத்துக் கறுப்பு வெடிமருந்து) போட்டுச் சுடுபவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், மெழுகும் ஆட்டுக்கொழுப்பும்தான். துப்பாக்கிக் குழலில் படியும் கரியை அது இளக்கமாக வைத்திருக்கும். ஈரத்துணியால் துடைத்தால் வந்துவிடும். பெட்ரோலிய எண்ணெய் சேர்ந்த மசகோ கரிமருந்தின் சூட்டில் தார்போல இறுகிக்கொள்ளும். கொழுப்பில் உப்பு துளியும் இருக்கக் கூடாது, குழல் துருப்பிடிக்கும். வெயிலில் இளகிவிடுவது இதன் குறை. அதற்கு மெழுகைக் கொஞ்சம் கூட்டினால் போதும்.

இக்காலத்துப் புகையில்லா வெடிமருந்துக்கு என் ஓட்டு மெழுகும் அலாக்ஸும் சரிபாதிக் கலவைக்குத்தான். தோட்டாவின் பள்ளத்தில் அழுத்தினால் அப்படியே பிடித்து நிற்கும், கெட்டும் போகாது. மசகு கிளப்பும் புகையும் பிசுபிசுப்பும் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். ஆனால் தோட்டா குழலுக்குச் சரியான அளவில் இல்லாவிட்டால், எந்த மசகு பூசினாலும் ஈயம் குழலில் ஒட்டத்தான் செய்யும்.

காய்ச்சும் முறை ஒன்றே. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகும், அதனால் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கினாலே போதும். நேரடித் தீயில் வைக்காதீர்கள், பற்றிக்கொள்ளும். அந்தப் பாத்திரம் திரும்பச் சமையலுக்குப் போகக் கூடாது. ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் அப்புறம் சாப்பாடு.