வயர்லெஸ் லிங்க் என்று 185,000 ரூபா போச்சு: கொழும்பில் இருக்கிறவர்கள் கவனம்

185,000 ரூபா. வெள்ளவத்தையில் இருக்கிற எங்கள் கடையையும் தெஹிவளையில் இருக்கிற ஸ்டோரையும் வயர்லெஸ்ஸில் இணைத்துத் தருகிறோம் என்று வாங்கின காசு. இரண்டு கூரையிலும் டிஷ் நிற்கிறது. ஸ்டோரில் உள்ள நாலு கமெராவில் ஒன்றுகூட ஒழுங்காகத் தெரியவில்லை. வாங்கினது கமெராவும் நெட்வேர்க் சாமானும் விற்கிற ஒரு கடை. பெயர் போடவில்லை. செய்த வேலையைச் சொல்கிறேன், அது போதும்.

இரண்டு கூரைக்கும் நேர்பார்வை இல்லை என்று காசு பேசும்போதே சொல்லியாச்சு. காலி வீதிப் பக்கம் எழும்பி நிற்கிற தொடர்மாடிகள் மறைக்குது. மேலே ஏறினால் கண்ணுக்கே தெரியும். அதற்காகத்தான் தனியாக 15,000 ரூபா கட்டி சர்வே கேட்டது. கைக்கு வந்தது ஒரு கலர் பிரிண்ட். மண்ணிறத்தில் தரை, அதற்கு மேலால் சிக்னல் போகிற வழியாகப் பச்சைக் கோடு, கீழே கடை முத்திரையும் கையெழுத்தும். "சர்வே கிளியர் அண்ணை. இது பில்டிங் மறைச்சாலும் வேலை செய்யிற செட்." முத்திரை குத்தின அந்தத் தாளை நம்பித்தான் முழுக் காசும் கைமாறினது.

தாளின் மூலையில் சின்ன எழுத்தில் எஸ்ஆர்டிஎம் என்று இருக்கிறது. 2000 பெப்ரவரியில் எண்டெவர் விண்கலம் ரேடாரில் எடுத்த தரை உயர அளவு அது. கிட்டத்தட்ட 30 மீற்றர் சதுரத்துக்கு ஒரு உயரம். அதற்குப் பிறகு கட்டின ஒரு தொடர்மாடிகூட அதில் இல்லை! கூரைக்கு ஏறாமல் கணினியில் இரண்டு புள்ளி வைத்து எடுத்த படத்துக்கு 15,000 ரூபா.

பூட்டின செட்டின் 5.8 கிகாஹேட்ஸ் அலைவரிசையில் அலையின் நீளம் 5 சென்ரிமீற்றர் அளவுதான். 3 கிலோமீற்றர் லிங்க் என்றால் நடு வழியில், இரண்டு டிஷ்ஷையும் இணைக்கிற நேர்க்கோட்டைச் சுற்றி 6.2 மீற்றர் ஆரத்துக்கு ஃபிரெனல் வலயம், அதாவது அலை பரவிப் போகிற இடம், இருக்கும். அதில் 60 வீதம், அதாவது 3.7 மீற்றராவது வெறுமையாக இருக்க வேணும். வழி திறந்திருந்தால் 25 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு) பவருக்கும் இரண்டு பக்கமும் 23 டிபிஐ (டிஷ் சிக்னலைக் குவிக்கிற அளவு) டிஷ்ஷுக்கும் கணக்குப்படி சிக்னல் மைனஸ் 46 டிபிஎம் வர வேணும், மைனஸ் கூடக்கூட சிக்னல் பலவீனம். வருகிறது மைனஸ் 84. 38 டெசிபல் குறைவு என்றால் வர வேண்டிய பவரில் ஆறாயிரத்தில் ஒரு பங்குதான் வந்து சேருது. கட்டடத்தின் விளிம்பு நேர்க்கோட்டை மட்டுமட்டாகத் தொட்டால் போகிறது 6 டெசிபல் அளவுதான், அதைத் தாங்கலாம். கூரை பல மீற்றர் மேலே நின்று மறித்தால் அலை வளைந்து இறங்கும்போது 20 டெசிபலுக்கு மேல் போய்விடும், மிச்சத்தை மரங்கள் தின்னும்.

மைனஸ் 84இலும் லிங்க் விளக்கு எரியும். பூட்டின அன்றைக்கு அந்த விளக்கைக் காட்டித்தான் "கனெக்ட் ஆகிட்டுது" என்றார்கள். ஆகக் குறைந்த வேகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிற லிங்க் அது. நாலு கமெராவுக்கு ஆளுக்கு 4 மெகாபிட் வைத்தாலும் 16 வேணும், கிடைப்பது 3.

பிறகு தொடங்கினது சாட்டு. மழை என்றார்கள். இந்த அலைவரிசையில் 3 கிலோமீற்றருக்கு மழை ஒரு விஷயமே இல்லை. நனைந்த இலைதான் அடைக்கும், அப்படியென்றால் வழியில் மரம் இருப்பது தெரியும்தானே? பிறகு ஃபேர்ம்வெயார், அதாவது செட்டுக்குள் ஓடுகிற மென்பொருள், பிழை என்றார்கள். பிறகு டெக்னீஷியன் வேலையை விட்டுப் போயிட்டாராம். கடைசியாக, இன்னும் 90,000 தந்தால் "சுவரைத் துளைக்கிற" 900 மெகாஹேட்ஸ் செட் போடலாமாம். 902 முதல் 928 மெகாஹேட்ஸ் வரை லைசென்ஸ் இல்லாமல் திறந்திருப்பது அமெரிக்கக் கண்டங்களில். இங்கே 915 வரை கைத்தொலைபேசிகள் கோபுரத்துக்குப் பேசுகிற அலைவரிசை. அதில் கைவைத்தால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்குப் கூரையில் வைத்திருப்பவரும் பதில் சொல்ல வேண்டி வரும். இதைக் கேட்டதற்கு நீல டிக் மட்டும் விழுந்தது, பதில் இல்லை.

கேபிளிலும் கை வைத்திருக்கிறார்கள். பில்லில் வெளிப்புறச் செம்புக் கேபிள். கத்தி நுனியால் கம்பியைச் சுரண்டினால் செம்பு நிறம் உரிந்து உள்ளே வெள்ளை: அலுமினியம். தடை செம்பை விட ஒன்றரை மடங்குக்கு மேல். 24 வோல்ட்டில் நீளமான கேபிளால் மேலே கரண்ட் அனுப்பும்போது டிஷ்ஷில் இருக்கிற ரேடியோ அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகிறதும் இதனால்தான். 185,000 ரூபாவுக்கு இதுவும் சேர்த்தி!

எழுத நிறைய இருக்கு, இப்போதைக்கு இதை மட்டும் பாருங்கோ. சர்வே என்றால் இரண்டு கூரையிலும் ஆள் நின்று எடுத்த போட்டோ கேளுங்கோ. சிக்னல் எத்தனை, மெகாபிட் எத்தனை என்று பில்லில் எழுதாமல் பாதிக்கு மேல் காசு கொடுக்காதீங்கோ. விளக்கை நம்பாதீங்கோ, இரண்டு ரேடியோவுக்கும் நடுவில் ஸ்பீட் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கோ. மறைப்பு இருந்தால் இரண்டு பக்கமும் தெரிகிற மூன்றாவது கூரையில் ரிலே, அதாவது சிக்னலை வாங்கி அனுப்புகிற செட், வைக்க வேணும். இரண்டு இடத்திலும் ஃபைபர் இருந்தால் டிஷ்ஷே தேவையில்லை, இன்டர்நெட் வழியாக இரண்டு இடத்தையும் இணைக்கிற விபிஎன் போதும். பில்லையும் அந்தத் தாளையும் வைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறைப்பாடு எழுதுகிறேன். இதே மாதிரிப் பச்சைக் கோட்டுத் தாள் வாங்கினவர்கள் யாராவது இருந்தால் நீங்களும் முறைப்பாடு செய்யுங்கோ, அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977.